எதற்கு அந்தக் காசு

பதினெட்டாயிரத்து அறுநூற்றைம்பது பிராங்க். மகள் டிலக்ஷியின் சீதனத்தில் முப்பதாயிரம் முதலே கொடுத்தாயிற்று; செல்வராணி இன்னும் கொடுக்கவேண்டிய மிச்சம் அது. சுவிஸின் ஷாஃப்ஹவுசன் நகரில் பதிவுத் திருமணம் போன மாதமே முடிந்துவிட்டது. ஆனாலும் தாலி ஏறாமல் பெண்ணை அனுப்பும் வழக்கம் நம்மவர்களிடம் இல்லை. அந்த இடைவெளியில்தான் மாப்பிள்ளை வீட்டார் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று மாப்பிள்ளை மதுஷனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார் அவனுடைய சித்தப்பா சண்முகலிங்கம்.

"ஞாயிற்றுக்கிழமை தாலிகட்டு. அதுக்கு முதல் மிச்சத்தைத் தந்தா எல்லாருக்கும் நிம்மதி, தங்கச்சி."

"ரெண்டு பேரும் உழைக்கினம், அண்ணை. வீடும் எடுத்திட்டினம். பிறகு இந்தக் காசு எதுக்கு?"

"சுவிஸில ஆர் குடுக்காமல் விட்டது? எல்லாரும்தானே குடுக்கினம்."

"குடுக்கட்டும். எதுக்கெண்டுதான் கேட்டனான்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "தவராஜா உயிரோட இருந்தா இப்பிடி ஒரு கதை கதைக்க விட்டிருப்பானே?"

புருஷன் பெயரைக் கேட்டதும் செல்வராணி சுவரில் மாட்டியிருந்த அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். செத்த மனிதரை நடுவீட்டில் கொண்டுவந்து நிறுத்தினால் யார்தான் எதிர்த்துப் பேசுவது? ஆனாலும் கேட்ட கேள்வி கேட்டபடியே கிடந்தது.

"இண்டைக்கு நீங்கள் மறுத்தா, நாளைக்கு உங்கட சொந்தத்தில ஒரு பெட்டையையும் ஆரும் கேட்டு வரமாட்டினம்."

"வாறது வராதது அவையின்ரை பாடு. எதுக்கு அண்ணை இந்தக் காசு?"

"ஆஸ்பத்திரிக் குசினியில கோப்பை கழுவுற உங்களுக்கு இதுகள் விளங்காது."

அவளுக்குக் கோபம் வரவில்லை. சொல்ல விடையில்லாதவன்தான் கேட்டவளின் தொழிலை இழுப்பான்.

சண்முகலிங்கம் விடவில்லை. "என்ரை மகள் லக்சனாவுக்கு நானே நாப்பதாயிரம் குடுத்தனான். நான் என்ன விசரனோ?"

"லக்சனா இப்ப ஆரின்ரை வீட்டில இருக்கிறா?"

நாற்பதாயிரமும் புருஷன்காரனின் காருக்குப் போனதும், லக்சனா கைக்குழந்தையோடு தகப்பன் வீட்டுக்கு வந்து எட்டு மாதமாவதும் ஊரறிந்த விஷயம்.

"அது வேறை கதை," என்றார் சண்முகலிங்கம்.

"அதே கதைதான், சித்தப்பா." வந்ததிலிருந்து மதுஷன் பேசியது அப்போதுதான். "மாமி, மிச்சத்தை விடுவம்."

பக்கத்தில் நின்ற டிலக்ஷி தாயின் முகத்தைப் பார்த்தாள். செல்வராணி நன்றி சொல்லப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"நீங்கள் விட்டதால இல்லைத் தம்பி. எதுக்கெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை, அதால நான் தரேல்லை. அந்தக் கடன் இத்தோட முடிஞ்சுது. முதல் தந்த முப்பதாயிரம் எதுக்கெண்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள்ள யோசிச்சு வையுங்கோ."