ரோஸா மார்க் ஆட்டம்பாம்

என் வீட்டுக்காரர் காசிராஜன் என்னைப் போலந்து தேசத்துக்குக் கூட்டிப் போனதை, சிவகாசியில் பலரும் பெண்டாட்டி மேல் வைத்த பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை. உண்மை என்னவென்றால், அவர் வயிற்றுக்கு என் கைச் சமையலைத் தவிர வேறு எதுவும் ஒத்துக்கொள்ளாது. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. நான் விருதுநகரில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, நாலு வார்த்தை இங்கிலீஷும் பேசத் தெரிந்தவள். சமையலுக்கு ஒரு ஆள், பேச்சுக்கு ஒரு ஆள் என்று இரண்டு டிக்கெட் எடுப்பதற்குப் பதில், இந்தப் பாலம்மாளைக் கூட்டிப் போனால் ஒரு டிக்கெட்டோடு போயிற்று. வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு இதெல்லாம் சொல்லாமலே புரியும்.

அது அறுபத்து நாலாம் வருடம். அந்தத் தேசத்தில் நம் ரூபாய்க்கே மெஷின் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எங்கள் வெடி ஆபீசில் வெடிக்கட்டுக்கு லேபிள் வெட்ட மெஷின் ஒன்று வாங்கப் போனோம். வார்சா நகரத்தில் மெஷின் கம்பெனிக்காரர்கள் எங்களுக்குப் பேச்சுத் துணைக்கு ஓர் அம்மாளை வைத்திருந்தார்கள். பெயர் ஹன்னா. நாற்பது வயதுக்குச் சற்று மேலே இருக்கும். அளந்து பேசுவார், சிரிப்பையும் அளந்துதான் சிரிப்பார். முதல் நாள், உங்கள் கம்பெனியில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். "ஆட்டம்பாம்னு சொல்லு" என்றார் இவர். நானும் அப்படியே சொல்லிவிட்டேன். ஹன்னா நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இவர் சட்டைப் பையிலிருந்து கிளிப் படம் போட்ட லேபிளை எடுத்துக் காட்டி, வாயாலேயே வெடித்துக் காட்டி, காதைப் பொத்திக்கொண்டு குதித்தும் காட்டிய பிறகுதான் அந்த அம்மாளுக்கு உயிர் வந்தது. அன்றைக்கு மட்டும் அளவில்லாமல் சிரித்தார்.

அதனால்தானோ என்னவோ, ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், "உங்களுக்கு ஒரு இடம் காட்ட வேண்டும்" என்று தானாகவே கூட்டிப் போனார்.

புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு நடுவே பெரிய வெளி. வெளியில் ஒரு உயரமான கல் சுவர். சுவரின் நடுவிலிருந்து வெண்கல மனிதர்கள் வெளியே வருகிறார்கள். முன்னால் ஒரு வாலிபன், தலையில் கட்டு, கையில் குண்டு. பின்னால் நெருப்புக்குள் ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். என் வீட்டுக்காரர் ஷூவைக் கழற்றிவிட்டு நின்றார். காலுறை வழியே பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. அந்த ஷூ பத்து நாளாக அவரைக் கடித்துக்கொண்டிருந்தது. அது மரியாதையா, கடியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஹன்னா மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

ஹன்னா சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். ஹிட்லரின் பட்டாளம் அந்த நகரத்து யூதர்களை எல்லாம் ஒரே பகுதிக்குள் அடைத்துச் சுற்றிலும் மதில் எழுப்பியது. பசியிலும் நோயிலும் செத்தவர்கள் போக, மற்றவர்களை ரயில் ரயிலாக ஏற்றிக்கொண்டுபோய்க் கொன்றது. கடைசியில் மிஞ்சியவர்களில் இளவட்டங்கள், இனி ரயில் ஏற மாட்டோம் என்று திருப்பி அடித்தார்கள். ஜெயிக்க மாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அடித்தார்கள். அவர்களுக்காக எழுப்பியது இந்தச் சுவர். இதில் இருக்கும் கல்கூட, ஹிட்லரின் ஆட்கள் தங்கள் வெற்றிக்குச் சின்னம் கட்ட வரவழைத்து வைத்திருந்த கல்லாம்.

"எதிராளி சரக்கிலேயே கடையைப் போட்டுட்டாக" என்றார் இவர். அவர் ஒருவரை மெச்சுவது இந்த அளவுக்குத்தான். பிறகு அந்த வாலிபனின் கையை அண்ணாந்து பார்த்தபடியே இருந்தார். "திரியைக் காணோமே. உள்ளுக்குள்ள என்ன அடைச்சாகன்னு கேளு."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. இருந்தாலும் கேட்டேன். ஹன்னா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"இங்கே வருகிறவர்கள் எல்லோரும் எப்படிச் செத்தார்கள் என்றுதான் கேட்பார்கள்" என்றார். "தண்ணீர்க் குழாயை வெட்டி வெடிமருந்து அடைத்தார்கள். மின்சார பல்பில் அமிலம் ஊற்றினார்கள், பாட்டிலில் பெட்ரோல் ஊற்றினார்கள். எல்லாம் வீடுகளுக்கு அடியில், நிலவறைக்குள். என் தங்கை ரோஸாவும் அடைத்தாள். அவளுக்குப் பதினேழு வயது."

ஹன்னா அப்போது மதிலுக்கு வெளியே, வேறு பெயரில், ஒரு வீட்டில் வேலைக்காரியாக ஒளிந்திருந்தாராம். தங்கை மதிலுக்கு உள்ளேயே செத்துப்போனாள். "அவளுக்குச் சமாதி கிடையாது. என்னிடம் அவள் போட்டோ ஒன்றுகூட இல்லை. பார்க்க வேண்டும் போலிருந்தால் இங்கே வந்து, சுவரில் இருக்கும் இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பேன். வேறு மாதிரி முகம்தான். பார்த்துப் பார்த்து இப்போது இதுதான் ரோஸா என்று ஆகிவிட்டது." பிறகு, "உங்கள் ஊரிலும் யாரிடமாவது, ரோஸா என்று ஒருத்தி இருந்தாள் என்று சொல்லுங்கள்" என்றார்.

அதையும் இவரிடம் தமிழில் சொன்னேன். திரும்பினால், பக்கத்தில் இவரைக் காணவில்லை. ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, தெருமுனைக் கடையில் அந்தச் சுவரின் படம் போட்ட அட்டைகளைக் கட்டாக வாங்கிக்கொண்டிருந்தார்.

ஹன்னா அதைப் பார்த்து என்ன நினைத்தாரோ. இவர் ஏன் போனார் என்று எனக்குத் தெரியும். இவருக்குப் பத்திரகாளி என்று ஒரு தங்கை இருந்தாள். உலகச் சண்டைக் காலத்தில், திருத்தங்கலில் இவர்கள் அப்பா நடத்திய தீப்பெட்டி ஆபீசில் மருந்து தீப்பிடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டாள். பதினாறு முடியவில்லை. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்னால் நடந்தது. அவள் பெயரை இவர் வாயால் நான் கேட்டதே கிடையாது. துக்கம் வந்தால் மனிதர் எதையாவது வாங்கப் போய்விடுவார், அல்லது விற்கப் போய்விடுவார்.

ஊர் வந்து சேர்ந்தோம், மெஷினும் கப்பலில் வந்து இறங்கியது. ஆவணி மாதம் ஒருநாள் மத்தியானம், திருத்தங்கல் அச்சாபீசில் லேபிள் படம் வரைகிற சங்கரலிங்கத்தோடு வந்தார். இரண்டு பேர் முகத்திலும், தேர் இழுத்து நிலைக்குக் கொண்டுவந்தவர்களின் களை. மோர் கொடுத்தேன். சங்கரலிங்கம் சுருட்டி வைத்திருந்த காகிதத்தை விரித்தார்.

மேலே கொட்டை எழுத்தில் 'ரோஸா மார்க் ஆட்டம்பாம்' என்று போட்டிருந்தது. கீழே அந்த வாலிபன், கையில் குண்டோடு. குண்டுக்குத் திரி வந்திருந்தது, திரியில் பொறியும் வந்திருந்தது. வாலிபனுக்கு முறுக்கு மீசை. பக்கத்தில் அந்தப் பெண், நெற்றியில் பொட்டும் கொண்டையில் ஒரு ரோசாப்பூவுமாக, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"யாரு இது?" என்று கேட்டேன்.

"ரோஸா, மதினி" என்றார் சங்கரலிங்கம். "பூ வைக்கலேன்னா வாங்குறவனுக்கு எப்படித் தெரியும்? அட்டையில அந்த ஊருக்காரன் பொட்டு வைக்காம விட்டுட்டான், நான் வச்சிட்டேன். ஆளும் ஒடிசலா இருந்துச்சு. கொஞ்சம் சதை போட்டிருக்கேன்."

எங்கள் ஊரில் ஒருவரைப் பெரிய ஆள் என்று ஒத்துக்கொண்டால், செய்கிற மரியாதை வெடிக்கட்டில் அவர் படத்தை ஒட்டுவதுதான். சாமிகளுக்கும் தலைவர்களுக்கும் அதே மரியாதைதான். அதனால் என் வீட்டுக்காரர் அதைக் கேலிக்கும் செய்யவில்லை, காசுக்கும் செய்யவில்லை. அது தெரிந்ததால்தான் எனக்குச் சொல்லவே வாய் வரவில்லை. ஆனால் அந்தச் சுவருக்கு முன்னால் நின்ற ஹன்னாவின் முகம் கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்றது.

"இதை ஒட்ட வேண்டாம்" என்றேன்.

"ஏன்? உங்க ஊர்ல சொல்லுங்கன்னு அந்தம்மாதான கேட்டாக" என்றார் அவர். "நான் எப்படிச் சொல்ல? வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டவா? இந்தச் சீசன்ல மெட்ராஸ்ல இருந்து கல்கத்தா வரைக்கும் ரோஸா போவா. எந்த ராசா மகளுக்கு இப்படிக் குடுத்து வச்சிருக்கு?"

"போயி?"

"போயி என்ன, சனங்க பார்ப்பாக."

"பார்த்துட்டு, திரியில தீயை வச்சிட்டு ஓடுவாக. மறுநா காலையில தெருவுல கண்ணு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கமாக் கிடப்பா. வாசல் கூட்டுறவ குப்பையோட அள்ளிப் போடுவா."

"லச்சுமி படத்தை ஒட்டித்தான் வெடிக்கோம். லச்சுமி கோவிச்சாளா? வருசா வருசம் குடுத்துக்கிட்டுத்தான இருக்கா."

"லச்சுமிக்கு, அதைப் பார்த்து அழுறதுக்கு ஒரு அக்கா இல்ல."

சங்கரலிங்கம் மோரைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "லச்சுமிக்கு அக்கா மூதேவி இருக்காள்ல மதினி" என்றார்.

"அந்த அக்கா அழ மாட்டா, தம்பி. இந்த அக்கா அழுவாக."

அவர் டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் மட்டும் விடவில்லை. ஏஜெண்டுகளிடம் புது மார்க் வருகிறது என்று சொல்லியாயிற்று, ஆர்டர் பிடித்தாயிற்று, இதைவிடப் பெரிய மரியாதையை நம்மால் செய்ய முடியாது என்று அடுக்கிக்கொண்டே போனார். வேறு வழி தெரியாமல் நான் கேட்டுவிட்டேன்.

"இம்புட்டுப் பெரிய மரியாதைன்னா, நம்ம பத்திரகாளி படத்தை ஏன் இத்தனை வருசமா ஒட்டலை?"

அவர் லேபிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் லேபிளைப் பார்த்தார். யாரிடமோ சொல்வது போல மெதுவாகச் சொன்னார்.

"அவ மூஞ்சி கிழிஞ்சு போயிருமே, பாலம்மா."

பிறகு லேபிளைச் சுருட்டி நீட்டி, "சங்கரலிங்கம், படம் ஏத்துன அச்சுக் கல்லை அழிச்சிரு. பழைய கிளி மார்க்கே போதும்" என்றார்.

"அண்ணாச்சி, ராப்பகலா வரைஞ்சது. மீசை மட்டுமே ஒரு நாள் வேலை."

"மீசை வேணும்னா கிளிக்கு வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு வெயிலில் இறங்கி வெடி ஆபீசைப் பார்க்க நடந்தார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை. பழைய கிளியே மெட்ராசுக்கும் கல்கத்தாவுக்கும் பறந்தது. புது மார்க் எங்கே என்று கேட்ட ஏஜெண்டுகளுக்கு அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்தில், கல்யாணமாகாமல் இறந்த பெண்பிள்ளை வீட்டுக்குக் கன்னி தெய்வம். தீபாவளிக்கு முந்தின நாள் பாவாடை சட்டை எடுத்து, சுளகில் வைத்துப் படைப்போம். பத்திரகாளிக்குத் துணி எடுப்பதும் படைப்பதும் என் வேலை. அந்த நேரம் பார்த்து இவருக்கு ஆபீசில் கட்டாயம் ஒரு லோடு ஏற்ற வேண்டியிருக்கும். அந்த வருடம் நான் துணி எடுக்கக் கிளம்பியபோது, "நீ இரு" என்று சொல்லிவிட்டு அவரே விருதுநகர் பஸ் ஏறினார். சாயங்காலம் பொட்டலத்தோடு வந்து என் கையில் கொடுத்துவிட்டு, வேறு எங்கேயோ பார்த்தார்.

பிரித்தேன். இரண்டு பட்டுப் பாவாடைகள். இரண்டும் அசல் பட்டு. விலை பேசி வாங்கின மாதிரியே தெரியவில்லை.

"அந்த ஊர்ப் பிள்ளைக உயரமா இருக்குமில்ல" என்றார். "ஒண்ணு மட்டும் நீளம் கூட்டி எடுத்தேன். ஏன் அண்ணாச்சி நீளம் மாறுதுன்னு கடைக்காரன் கேட்டான். உக்காந்து ரோஸா கதை எல்லாத்தையும் சொன்னேன். அடுத்த பஸ்ஸையும் விட்டுட்டேன்."

நீளம் கூடின பாவாடையை விரித்துப் பார்த்தேன். "அவுக சாமி வேற, சடங்கு வேற. நாம படைச்சா அந்தப் பிள்ளை ஏத்துக்கிடுவாளா?" என்று கேட்டேன்.

"ஏத்துக்கிடாட்டிப் போறா. சும்மா வந்து இருக்கட்டும்" என்றார். "நம்ம பத்திரகாளியும் எம்புட்டு வருசமா பேச்சுத் துணைக்கு ஆளில்லாம இருக்கா."