தொண்ணூற்றொன்று யாருக்கு

வெண்டல் பிராட்டுக்கு வாய்தான் மூலதனம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவர் இருபத்தாறு வருடமாக அப்படித்தான் பிழைத்து வந்தார். பெட்ரோல் கம்பெனியின் விற்பனை ஆளாக வயோமிங் மாநிலத்தில் அவர் ஏறி இறங்காத பங்க் இல்லை. எப்பேர்ப்பட்ட முரட்டு முதலாளியாக இருந்தாலும் அரை மணி நேரம் போதும், கேலனுக்கு ஒரு டாலர் கூடுதலான பிரீமியம் பெட்ரோலை இன்னும் கொஞ்சம் விற்றுத் தருகிறேன் என்று அவரே சொல்லும்படி செய்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் அந்த ஜூன் மாதப் பகலில் டட்டன் கிராசிங் பங்கில் ஓர் அட்டையைப் படித்துவிட்டு வாயடைத்து நின்றார்.

பம்பில் மலிவான 85, சாதாரண 87, பிரீமியம் 91 என்று மூன்று பொத்தான்கள். அட்டை அதிலேயே, விலைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. கறுப்பு மையில் கொட்டை எழுத்துகள்.

"நில்லு. உன் வண்டியின் பெட்ரோல் மூடிக் கதவைத் திற. உள்ளே எழுதியிருப்பதைப் படி. பிரீமியம் கட்டாயம் என்றிருந்தால் 91 போடு. நல்லது என்றிருந்தால் சுமை இழுக்கும் நாளில் 91 போடு. ஒன்றும் சொல்லவில்லையா, 87 போடு. மிச்சக் காசுக்கு உள்ளே வந்து செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை சாப்பிடு. 85 உன் தாத்தாவின் வண்டிக்கு. இப்படிக்கு ரோனா."

யாரோ ஒரு பயணி இதைப் படம் பிடித்து இணையத்தில் போட, அது ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கே போய்விட்டது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் கடைக்காரியை அங்கே யாரும் பார்த்ததில்லை. வெண்டலின் மேலாளர் டேல் காலையில் போனில் சொன்னது இதுதான்: "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அந்த அட்டை இருக்கக்கூடாது, வெண்டல். சுத்தமான பம்ப் படம் எனக்கு வரணும். வரலைன்னா உன் ஏரியாவ வேற ஆளுக்குக் கொடுத்துருவேன். உனக்கே தெரியும், வேலையவிட்டுத் தூக்குற லிஸ்ட்ல ரெண்டு பேர் இருந்தாங்க, இப்ப மூணு பேர்."

மூன்றாவது பெயர் யாருடையது என்று வெண்டல் கேட்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் வேறு வேலை தேடுவது எப்படி என்று யோசித்துக்கொண்டேதான் இங்கே வந்து சேர்ந்தார்.

பங்கின் முதலாளியும் மெக்கானிக்கும் ஒரே ஆள்தான். ரோனா ஸ்டக்கி, முப்பத்தெட்டு வயது, முழங்கைவரை கிரீஸ். கம்பெனி பெயர் தைத்த சட்டையைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"அட்டையக் கிழிக்க வந்தீங்களா சார்?"

"பேச வந்தேம்மா."

"அதுக்குத்தான் பேச்சே," என்று சிரித்தாள். "முதல்ல உங்க வண்டியக் காட்டுங்க. என்ன போடுறீங்க?"

"பிரீமியம்தான். பதினோரு வருசமா. நம்மளச் சுமக்குற வண்டிக்கு நல்ல சாப்பாடு போட வேணாமா?"

ரோனா அவருடைய காரின் மூடிக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஈயம் இல்லாத பெட்ரோல்னு மட்டும் போட்டிருக்கு. வேற ஒண்ணும் கேக்கல உங்க வண்டி. கேக்காத பிள்ளைக்கு ஊட்டி ஊட்டி வளத்திருக்கீங்க."

"இஞ்சினுக்கு சக்தி வரும்ல? சுத்தமாவும் வெச்சுக்கும்."

"சுத்தம் பண்ற மருந்து எண்பத்தேழுலயும் இருக்கு, உங்க கம்பெனிதான கலக்குது. சக்தி வேற விஷயம். தொண்ணூத்தொண்ணு சக்தி கூடினதில்ல சார், பொறுமை கூடினது. இஞ்சினுக்குள்ள எவ்வளவு அமுக்கினாலும், தீப்பொறி வந்து பத்த வைக்கிற வரைக்கும் தானாப் பத்தாம இருக்கும், அவ்வளவுதான். உங்க வண்டி அந்த அளவுக்கு அமுக்குறதே இல்ல. அதுக்கு எதுக்கு அந்தப் பொறுமை?"

வெண்டலுக்குச் சுருக்கென்றது. வாரம் பன்னிரண்டு கேலன், பதினோரு வருடம். மனதுக்குள் பெருக்கிப் பார்க்க ஆரம்பித்து, வேண்டாம் என்று பாதியில் விட்டார். ஊரெல்லாம் விற்றவர் தன் சரக்கை முதலில் தன்னிடமே விற்றிருக்கிறார். வெளுத்ததெல்லாம் பால், விலை கூடினதெல்லாம் உசத்தி என்று நினைத்தவர்களின் வரிசையில் தானும் நிற்பது அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் சிரிப்பும் வந்தது.

அப்போது ஒரு பெரிய பிக்கப் வண்டி பின்னால் மாட்டு டிரெய்லரோடு வந்து நின்றது. இறங்கியவர் மெரிட் காஸ், எழுபது வயதுப் பண்ணைக்காரர். டிரெய்லருக்குள் இரண்டு காளைகள். கணவாய் ஏறி, மலையின் அந்தப் பக்கம் இறங்கி, சமவெளிச் சந்தைக்குப் போகிறார். நேராக எண்பத்தைந்து பொத்தானில் விரலை வைத்தார். அந்த மலையில் எல்லோரும் செய்வதுதான். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்று மெலிசு, இங்கே மலிவுப் பெட்ரோலே போதும், எண்பத்தேழு போடுகிறவன்கூட ஊதாரி என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

"கைய எடுங்க பெருசு," என்றாள் ரோனா.

"ஏன் புள்ள? தீந்துபோச்சா?"

"போன வாரம் கணவாய் ஏறும்போது சத்தம் வந்துச்சுன்னு சொன்னீங்களே, எப்படி வந்துச்சு?"

"தகர டப்பாவுல கோலி போட்டுக் குலுக்கின மாதிரி. ரோடு சரியில்ல."

"ரோடு குலுங்கினா உங்க பல்லுதான் ஆடும். அது இஞ்சின். பெட்ரோல் முந்திக்கிட்டு வெடிக்குது."

"எங்கப்பா காலத்துலேர்ந்து இந்த மலையில எண்பத்தஞ்சுதான் ஓடுது. ஒரு வண்டியும் சாகல."

"உங்கப்பா வண்டி கெடைச்ச காத்தக் குடிச்சிட்டு மெதுவா ஏறுச்சு. நீங்க போன வருசம் வாங்கினது டர்போ வண்டி. வெளிய காத்து மெலிசா இருந்தா என்ன, அது அமுக்கி அமுக்கி உள்ள திணிச்சுக்குது. அதுக்கு மலையும் ஒண்ணு, சமவெளியும் ஒண்ணு. பின்னால வேற ரெண்டு காளை."

மெரிட் விடவில்லை. "பத்து வருசமா பிரீமியம் வேணாம் வேணாம்னு ஊருக்கே உபதேசம் பண்றவ நீ. இன்னிக்குக் கம்பெனிக்காரன் வந்து நிக்கவும் பேச்சு மாறுதோ?"

வெண்டல் பூமி பிளக்காதா என்று பார்த்தார். ரோனாவுக்குக் கோபம் வரவில்லை.

"தேவையில்லாதவனுக்கு வேணாம்னேன். மூடியத் திறங்க. கண்ணாடி கொண்டு வந்தீங்களா, இல்ல நான் படிக்கட்டுமா?"

மெரிட் சட்டைப் பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டி, குனிந்து படித்தார். ஒரு தடவை படித்தார். விரலால் தூசியைத் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். எண்பத்தேழுக்குக் கீழே போடாதே, பாரம் இழுத்தால் பிரீமியம் போடு என்று வண்டி செய்த கம்பெனிக்காரனே அச்சடித்து வைத்திருந்தான்.

"எழவு," என்றார் மெதுவாக. "இது இங்கதான் இருந்துச்சா?"

"வண்டியோட வந்ததுதான்."

மெரிட் தொண்ணூற்றொன்றை அமுக்கி, இருபத்து நான்கு கேலன் நிரப்பினார். போகும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "திரும்பி வரும்போது டிரெய்லர் காலி. அப்ப எண்பத்தேழுதானே?" என்று கேட்டுக்கொண்டார். ஆமாம் என்று அவள் தலையாட்டிய பிறகுதான் வண்டியை எடுத்தார்.

வெண்டல் அந்த வண்டி வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். வயோமிங் பண்ணைக்காரனிடம் இருபத்து நான்கு கேலன் பிரீமியம் விற்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. அவர் பரிசுக் கூப்பன், இலவசத் தொப்பி, கார் கழுவும் சீட்டு என்று எத்தனையோ கொடுத்துத் தோற்றிருக்கிறார். இவளுக்கு ஒரு தொப்பிகூடத் தேவைப்படவில்லை. வேண்டாம் என்று பத்து வருடம் சொன்ன வாய், வேண்டும் என்று ஒரு தடவை சொன்னதும் கிழவர் போட்டுக்கொண்டு போய்விட்டார். இந்தத் தொழிலில் இப்படி ஓர் ஆள் இருப்பாள் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை. அவளைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. ஏதோ தன் சொந்தக்காரி ஜெயித்துவிட்டது போல.

"உங்களுக்கு இதுல என்னம்மா கெடைக்குது?" என்று கேட்டார்.

"இருபது மைலுக்கு வேற பங்க் கிடையாது. நான் ஏமாத்தின ஆள் நாளைக்கும் என்கிட்டதான் வந்து நிக்கணும். அந்த மூஞ்சிய யார் பாக்குறது?" கையைத் துணியில் துடைத்துக்கொண்டே அவரை உற்றுப் பார்த்தாள். "அது இருக்கட்டும். வந்ததுலேர்ந்து நாலு தடவ போனப் பாத்துட்டீங்க. அட்டை போகலன்னா உங்களுக்கு என்ன ஆகும்?"

பொய் சொல்ல நினைத்தார். அதுதான் பழக்கம். ஆனால் இவளிடம் வாய் வரவில்லை. மூன்றாவது பெயரைப் பற்றிச் சொன்னார்.

ரோனா பம்புக்குப் பக்கத்தில் போய், அட்டையின் நான்கு மூலையையும் நகத்தால் நெம்பி, கிழியாமல் உரித்து அவர் கையில் கொடுத்தாள்.

"என்னம்மா இது?"

"ஒரு அட்டைக்காக ஒரு மனுசன் வேலைய விடணுமா? எனக்கு வாய் இருக்கு, சொல்லிக்கிறேன். படத்தை எடுத்து அனுப்புங்க. உள்ள போய்ப் பை சாப்பிடுங்க, காசு வேணாம்."

வெண்டல் அட்டையைத் தன் காரின் பின்சீட்டில் வைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்பினார். ஒரு நிமிடத்தில் டேலிடமிருந்து, "அருமை. நீதான்யா ஆளு," என்று பதில் வந்தது. கடைக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்து பையைத் தின்றார். நல்ல பைதான். அவருக்கு மட்டும் இறங்கவில்லை. ரோனா ஷெட்டில் ஒரு லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு நெம்பிக்கொண்டிருந்தாள். கால் மட்டும் தெரிந்தது. அங்கிருந்து அவளால் பம்பைப் பார்க்க முடியாது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒரு பழைய வேன் வந்து நின்றது. அயோவா நம்பர். கூரையில் மெத்தை, நாற்காலி, மடக்கிய கட்டில். வீட்டையே காலி செய்துகொண்டு எங்கோ போகிற குடும்பம். ஓர் இளம் பெண் இறங்கினாள், பின்னாலேயே இரண்டு சின்னப் பிள்ளைகள். திறந்திருந்த ஜன்னல் வழியாக அவர்கள் பேசியது வெண்டலுக்குத் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, பை இருக்காம். போர்டு போட்டிருக்கு."

"இன்னிக்கு வேணாம்டா. முன்னாடி எவ்வளவு பெரிய மலை பாரு. வண்டிக்கு நல்லதாப் போட்டாதான் ஏறும். பை அப்புறம் சாப்பிடலாம்."

அவள் தொண்ணூற்றொன்றை நோக்கிக் கையை நீட்டினாள். பம்பில் அவளைத் தடுக்க ஒன்றும் இல்லை. அட்டை இருந்த இடம் சதுரமாக, சுத்தமாக இருந்தது.

வெண்டல் தட்டைத் தள்ளிவிட்டு வெளியே ஓடினார். ஐம்பத்தாறு வயதில் அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"அம்மா, ஒரு நிமிசம். அத அமுக்காதீங்க. அந்த மூடிக் கதவைத் திறந்து உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

அவள் கதவைப் பார்க்கவில்லை. அவர் சட்டையைப் பார்த்தாள். "நீங்க பெட்ரோல் கம்பெனி ஆளுதானே?"

"ஆமா."

"கம்பெனி ஆளே பிரீமியம் வேணாங்கிறீங்க?"

"உங்க வண்டி கேட்டா போடுங்க. கேக்குதான்னு பாருங்க."

அவள் திறந்து படித்தாள். எண்பத்தேழு என்று மட்டும் இருந்தது.

"மலை ஏறுமா?" என்றாள் தயக்கமாக.

"மெதுவாப் போங்க, ஏறும். தொண்ணூத்தொண்ணு போட்டாலும் இதே மெதுவாத்தான் ஏறும்."

அவள் முகம் இளகியது. எண்பத்தேழு நிரப்பினாள். பிள்ளைகள் அவள் வாயிலிருந்து வார்த்தை வருமுன்பே கடைக்குள் ஓடிவிட்டன.

வெண்டல் தன் காரின் பின்சீட்டிலிருந்து அட்டையை எடுத்து வந்தார். பழைய பசை ஒட்டவில்லை. காற்று வேறு பிடுங்கியது. கடையில் டேப் வாங்கி, நான்கு பக்கமும் இரண்டு சுற்று ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். பிறகு படம் எடுத்து டேலுக்கு அனுப்பினார்.

போன் உடனே அடித்தது.

"என்னய்யா இது? அரை மணி நேரத்துல திரும்ப வந்துருச்சு," என்றான் டேல். "அந்தப் பொம்பள ஒட்டினாளா? ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு. அவ ஒப்பந்தத்த நான் பாத்துக்கிறேன். உன் மேல ஒண்ணும் வராது."

ஷெட்டிலிருந்து ஸ்பானர் விழுகிற சத்தமும், கடைக்குள்ளிருந்து பிள்ளைகளின் சத்தமும் கேட்டன.

"அவ உரிச்சுக் கொடுத்துட்டா, டேல்," என்றார் வெண்டல். "ஒட்டினது நான்."