நான் போட்ட கோடு

எங்கள் தையல் கடையில் வெட்டுவது நான், தைப்பது அக்கா என்றிருந்தது. அவள் போய் மூன்று வருஷமாகிறது. அவள்மேல் எனக்கிருந்த பொறாமை இன்னும் போகவில்லை.

அவள் போவதற்கு முந்தின வருஷ மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் இருவருக்கும் டெங்கு வந்தது. காய்ச்சல் விட்ட மூன்றாம் நாள் என் பார்வையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு விழுந்தது. அதைச் சுற்றி நேர்கோடெல்லாம் நெளிந்தது. விழித்திரையின் நடுவில் வீக்கம், இந்தக் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு வரும், தெளிய மாதங்கள் ஆகலாம் என்றார் கண் டாக்டர். அக்காவையும் சோதித்தார்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா."

ஒரே வீடு, ஒரே காய்ச்சல். அவளுக்கு மட்டும் ஒன்றுமில்லையாம்!

கத்தரி அக்கா கைக்குப் போனது. நான் தடவித் தடவிப் பட்டன் தைத்தேன். "உங்க வெட்டு என்ன கச்சிதம்! இத்தனை நாள் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று யாராவது அவளிடம் கேட்டால் ஊசி என் விரலில் ஏறும்.

ஒருநாள் பேன்ட்டின் ஒரு காலை வெட்டிவிட்டு, மற்றக் காலுக்குச் சாக்பீஸால் கோடு போட்டுவைத்து, கைகழுவப் போனாள். குனிந்து பார்த்தேன். கோடு வளைந்திருந்தது. அவள் கண்ணும் கெட்டுவிட்டது! அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. அதைத் தட்டி அழித்து, என் கண்ணுக்கு நேராகப் புதுக்கோடு போட்டேன்.

வந்து பார்த்தாள். "நீயா போட்ட?"

"உன்னோடது கோணல்."

கத்தரியை எடுத்து அதன்மேலேயே வெட்டினாள்.

அந்தப் பேன்ட்டைத் தைக்கக் கொடுத்திருந்த வங்கி மேலாளர் போட்டுப் பார்த்துவிட்டுக் கத்தினார். "என்னம்மா இது, ஒரு கால் கிழக்க போகுது, ஒரு கால் மேற்க போகுது?"

"தப்பு என்னோடதுதான் சார்" என்றாள் அக்கா. நான் மூலையில் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

நான்கு மாதத்தில் திட்டு கரைந்தது. அவர் வேண்டாமென்று விட்டுப்போய்க் கடையில் கிடந்த அந்தப் பேன்ட்டை எடுத்து விரித்துப் பார்த்தேன். என் கோடுதான் கோணல்.

"தெரிஞ்சேதான வெட்டின?"

"தெரியாம என்ன, எனக்கென்ன கண்ணா இல்ல?"

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"சொன்னா அப்புறம் நீ சாக்பீஸைத் தொட்டிருப்பியாடி?"

கத்தரியை என் பக்கம் தள்ளிவிட்டு மெஷினுக்குப் போனாள்.

அடுத்த மழையில் அதே காய்ச்சல் மறுபடி வந்து அவளைக் கொண்டுபோனது. அன்றைக்கு அவள் இடத்தில் நான் இருந்திருந்தால், தெருவையே கூப்பிட்டு அந்தக் கோட்டைக் காட்டியிருப்பேன். அதன்மேல் வெட்ட அவளுக்கு மனசு வந்தது. எனக்கு வந்திருக்காது. அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.