தளர்ச்சிக்கு மூன்று சொற்கள்

துறைமுகக் கொட்டகையில், டாக்டர் முன்னால் கிடந்த பெஞ்சில் கணவரைச் சாய்த்து உட்கார வைத்தாள் கண்ணம்மை. அந்த உடம்பில் இப்போது கனமென்று எதுவும் இல்லை. டாக்டர் சரி என்றால்தான் நாகப்பட்டினம் கப்பல். இல்லையென்றால் பினாங்கு ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

சைகோன் கடையிலிருந்து அவள் கணவர் காசிவிஸ்வநாதனை இதுவரை கொண்டுவந்து சேர்த்தவர் பங்காளி சாத்தப்பன். தந்தி கண்டதும், ஊரில் எந்தப் பெண்ணும் செய்யாததாக, அவள் தமையனோடு கடல் தாண்டி வந்தாள். பதினோரு நாளாகப் பக்கத்திலேயே இருக்கிறாள். பிள்ளைகளைப் பற்றி, வீட்டுக் கூரை ஒழுகுவதைப் பற்றி அவர் தமிழில்தான் கேட்டார். உடம்பைப் பற்றி மட்டும் சைகோன்காரர்கள் பேசும் அன்னாமிய பாஷையில் முனகினார். மெத், யெவ், துவொய்.

ஜுரப் பிதற்றல் என்று நினைத்தாள். சாத்தப்பன்தான் தயங்கித் தயங்கி அர்த்தம் சொன்னார். மெத் என்றால் அசதி, தூங்கி எழுந்தால் போய்விடும். யெவ் என்றால் பலமில்லை, கஞ்சி குடித்தால் தேறலாம். மூன்றாவதுக்கு வந்தபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

"அது நீந்தி நீந்திக் கை ஓஞ்சவன் சொல்றது, ஆச்சி."

அவள் கணவரின் போர்வையை இழுத்துவிட்டாள். ஊருக்கு வந்த மூன்று தடவையும் நெஞ்சை நிமிர்த்தி நடந்தவர் அவர். முடியவில்லை என்று அவளிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சைகோனில் இருந்த பன்னிரண்டு வருஷமும் அதையெல்லாம் அங்கே வேறொருத்தி கேட்டிருக்கிறாள். நெற்றியில் கை வைத்து, இது எந்தத் தளர்ச்சி என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அந்த முகம் தெரியாதவள்மேல் கோபம் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. தனக்கென்று ஒரு முனகலைக்கூட அவர் மிச்சம் வைக்கவில்லையே என்றுதான் இருந்தது.

டாக்டர் நாடியைப் பிடித்தார். காசிவிஸ்வநாதன் கண்ணைத் திறக்காமல், "துவொய்" என்றார். என்ன சொல்கிறார் என்று டாக்டர் மலாய் பாஷையில் கேட்க, சாத்தப்பன் அவளைப் பார்த்தார்.

"மெத்துங்கிறாக," என்றாள் கண்ணம்மை. "வெறும் அசதின்னு சொல்லுங்க அண்ணே."

"கடல்ல ஆறு நாளு, ஆச்சி."

"தெரியும். சொல்லுங்க."

சொன்னார். சீட்டில் முத்திரை விழுந்தது.

கப்பலுக்குப் போகும் படகில், அத்தனை ஆண்கள் பார்க்க, அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கரை நகர்ந்தது. அவர் அந்தப் பாஷையில் மெதுவாக, நீளமாக, யாரிடமோ பேசத் தொடங்கினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்திலெல்லாம், கண்ணம்மை குனிந்து, "உம்" என்றாள்.