இரண்டு கையிலும் கட்டு

எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் அழுத்துவதுதான் பிழைப்பு. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஏதோ ஒரு கட்டடத்தில் பொத்தானை அழுத்திவிட்டு, வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பார். நான் வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். ஒன்றை அழுத்தி, பிறகு நான்கை அழுத்தி, பொறுமையெல்லாம் தீர்ந்த பிறகு வந்து சேர்கிறவர்கள் என் காதில்தான் விழுவார்கள். என் மாமியார் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனிதர்களை அழுத்துகிறார்.

ஓய்வு பெற்ற புதிதில் அத்தைக்கு அதட்ட ஆள் கிடைக்கவில்லை. காலையில் என் கணவரை நிமிர்ந்து நில் என்பார், என் கணவரும் டூத் பிரஷ்ஷோடு நிமிர்ந்து நிற்பார். ஒரு மனிதரை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு வரிசை அமைக்க முடியும்? பிறகு ஒரு வாரக்கடைசி வகுப்பில் சேர்ந்து அக்குபிரஷர் கற்றுக்கொண்டு வந்தார். அப்போது எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

வகுப்பில் கொடுத்த படத்தை ஹாலில் மாட்டினார். ஆள் உயரத்துக்கு ஒரு மனிதர், உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. தலையிலிருந்து கால் வரை வண்ண வண்ணமாகக் கோடுகள், கோடுகள் நெடுகப் புள்ளிகள். கோடுகள் எல்லாம் சக்தி ஓடும் பாதைகளாம். எங்கே அடைத்துக்கொள்கிறதோ அங்கே நோவு வரும், அதற்கான புள்ளியை அழுத்தினால் வழி திறக்கும் என்று அத்தை விளக்கினார். பார்க்க பஸ் ரூட் வரைபடம் மாதிரி இருந்ததால் என் கணவர் அந்த மனிதருக்கு ரூட்டு மாமா என்று பெயர் வைத்தார். ரூட்டு மாமாவுக்கு இடம் விட்டு எங்கள் கல்யாண போட்டோ வாஷிங் மெஷினுக்கு மேலே குடிபோனது. நான் வாயைத் திறக்கவில்லை. புகார் வாங்குகிறவளே புகார் சொன்னால் அதை யார் எடுப்பது?

செய்தி கட்டடம் முழுக்கப் பரவியது. கீழ்த்தளத்து லாண்டரிக்காரர் தோள்வலிக்கு வந்தார். எதிர் வீட்டுப் பல் டாக்டர், படியில் யாருமில்லை என்று எட்டிப் பார்த்துவிட்டு, பல்வலிக்கு வந்தார். அத்தை எல்லோரையும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, மூச்சை விடச் சொல்லி அழுத்துவார். வலிக்குதா என்று கேட்பார். வலிக்கிறது என்றால் சரியான இடம் என்று அர்த்தம். வலிக்கவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் அழுத்துவார். தோற்பதற்கு வழியே இல்லாத வைத்தியம்.

எனக்குத் தலைவலி. ஹெட்போன் மாட்டிக்கொண்டு திட்டு வாங்குகிற எல்லோருக்கும் வருவதுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நான் கையை நீட்டுவேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற சதையை அத்தை அழுத்துவார். வலி உச்சந்தலைக்கு ஏறும், தலைவலி மறந்து போகும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் நாள் முழுக்க முகம் தெரியாதவர்கள் கத்துவதைக் கேட்டுவிட்டு வந்தவளுக்கு, ஒருவர் பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டிருப்பது பிடித்திருந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஒட்டுறவு அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மூன்றாவது தடவையாக நாள் தள்ளிப் போயிருந்தது. முதல் இரண்டும் தங்கவில்லை. போனதைவிட, போய்விட்டது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னதுதான் என்னை ஒடித்துப் போட்டது. இரண்டாவது தடவை எல்லாம் முடிந்த பிறகு லாண்டரிக்காரர் என்னைப் பார்த்து, நல்ல சேதியாமே என்று வாயெல்லாம் பல்லாகக் கேட்டார். கையில் அழுக்குத் துணி மூட்டையோடு நின்று, இல்லைங்க என்றேன். அவர் பாவம், அந்த மாசம் முழுக்க எங்கள் துணிக்குக் கூலி வாங்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. அதனால் இந்தத் தடவை டாக்டர் சொன்ன ஸ்கேன் முடிந்து, இதயத் துடிப்பைக் காதால் கேட்கும்வரை யாருக்கும் மூச்சு விடுவதில்லை என்று நானும் கணவரும் முடிவு செய்தோம். அத்தைக்கும்தான். மறுபடியும் போனால் அது எங்கள் இரண்டு பேரோடு போகட்டும்.

ரூட்டு மாமா அதைக் கெடுத்தார். அத்தை மேல்வகுப்பும் முடித்து வந்து, படத்தில் சில இடங்களில் சிவப்பு வட்டம் போட்டிருந்தார். கர்ப்பமாக இருப்பவர்களுக்குத் தொடக்கூடாத புள்ளிகளாம். ஒன்று கணுக்காலுக்கு மேலே. இன்னொன்று கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். மற்ற வட்டங்களை ஒரே சுற்றில் போட்டிருந்தவர், இதை மட்டும் திரும்பத் திரும்பச் சுற்றி, தாள் கிழிகிற பதத்துக்குக் கொண்டுவந்திருந்தார். பேனா சரியாக எழுதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நம்பிக்கை இல்லாதவள் நான். ஆனாலும் அன்று சாயங்காலம் அத்தை பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டபோது என் கை நீளவில்லை. குளியலறைக்குள் போய், வலது கையில் சரியாக அந்த இடத்தில் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு வந்தேன். இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டது என்றேன். அத்தை, அதனாலென்ன, இடது கையைக் கொடு என்றார். தலைவலி இல்லை என்று சொல்லித் தப்பித்தேன். மறுநாள் இடது கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டேன். குக்கர் ஆவி என்றேன்.

உலகத்தில் யாருக்கும் இரண்டு கையிலும் ஒரே இடத்தில் சுட்டிருக்காது. ஆபீஸில் மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, தற்காப்புக் கலை ஏதாவது கற்றுக்கொள்கிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். வீட்டில் என் கணவர் சாப்பாட்டு மேஜையில் என் கைகளைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். பழுதான லிஃப்டை மட்டும்தான் அவருக்குத் தைரியமாகத் திறக்கத் தெரியும். அத்தை கட்டுகளைப் பார்த்தார். மருந்து போட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. ஓட்டப் பந்தயத்தில் யாருக்கு முழங்கால் சிராய்த்தாலும் முதலுதவிப் பெட்டியோடு ஓடிய டீச்சர், எழுந்து தன் அறைக்குப் போய்விட்டார்.

கோபம் என்று நினைத்தேன். எனக்கும் கோபம் வந்தது. ஒரு மனுஷி தன் கையைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாதா?

ஆனால் அடுத்த சாயங்காலம் நாற்காலி தயாராக இருந்தது. உட்காரச் சொன்னார். கட்டை அவிழ்க்கச் சொல்லவில்லை. என் கையைத் திருப்பி உள்பக்கத்தை மேலே வைத்து, மணிக்கட்டின் மடிப்பிலிருந்து மூன்று விரல் அளந்து, இரண்டு நரம்புக்கும் நடுவில் கட்டைவிரலை வைத்தார். அழுத்தியது மாதிரியே இல்லை. வலிக்குதா என்றும் கேட்கவில்லை. தினமும் இப்படியே நடந்தது. காலையில் பல் விளக்கும்போது குழாயைத் திறந்து ஓடவிட்டுச் சத்தம் மறைத்துக்கொண்டிருந்தவளுக்கு, வாந்தி கொஞ்சம் மட்டுப்பட்டது. தற்செயல் என்று சொல்லிக்கொண்டேன்.

ஸ்கேனுக்கு முந்தின நாள், அத்தை கடைக்குப் போயிருந்தபோது, ரூட்டு மாமாவின் முன்னால் நின்று அந்தப் புள்ளியைத் தேடினேன். மணிக்கட்டிலிருந்து மூன்று விரல். பக்கத்தில் அத்தையின் குண்டுக் கையெழுத்தில் குமட்டல் என்று எழுதியிருந்தது. அத்தை பையோடு உள்ளே வரும்போது நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

"எனக்குக் குமட்டுதுன்னு யார் சொன்னா அத்தை?"

"உன் கட்டுதான்."

பையைக் கீழே வைத்துவிட்டு, வழக்கமாக நோயாளிகள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"போன தடவை நான் அழுத்தினேன்," என்றார். "தலைவலின்னு நீ கையை நீட்டின. அழுத்தினேன். நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்புறம் மேல்வகுப்பு ஆரம்பிச்சதும்தான் அதைச் சொல்லிக் குடுத்தாங்க."

டாக்டரிடம் தனியாகப் போய் டோக்கன் வாங்கிக் காத்திருந்து கேட்டாராம். இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, கரு தானாகவே நின்றுபோவதுதான் இது, கையில் அழுத்தியெல்லாம் நடக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதோடு விடவில்லை. "எதிர் வீட்டுப் பல் டாக்டரையும் கேட்டேன்," என்றார். "அவரும் இல்லேன்னுட்டார்."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கிறதற்காகச் சொல்லவில்லை. அதன் பிறகும் ஏன் அழுத்தினீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நாள் நிறுத்தியதாகவும், நானாகவே வந்து கையை நீட்டியதாகவும் சொன்னார். ஏதாவது இருந்தால் நானே முதலில் அவரிடம் வந்து சொல்லிவிடுவேன் என்று நினைத்தாராம். அது என்னைச் சுருக்கென்று தைத்தது.

"எனக்கு இதுல நம்பிக்கையே இல்ல அத்தை," என்றேன்.

"அப்ப எதுக்குக் கட்டு?"

புகார்ப் பிரிவில் பதில் தெரியாவிட்டால் காத்திருக்கச் சொல்லிவிட்டு இசையைப் போடுவோம். வீட்டில் அந்த வசதி கிடையாது. உண்மை என்னவென்றால், நானும் அதை நினைத்திருந்தேன். சிவப்பு வட்டத்தை முதலில் பார்த்த அன்றே, போன தடவை இவர் அழுத்தினாரே என்று மனதில் ஓடியது. பேனா சரியாக எழுதவில்லை என்று சொல்லி அதை மூடி வைத்தேன். இரண்டு கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டபோது, அதைத்தான் நான் அத்தையிடம் வாய் திறக்காமல் சொல்லியிருக்கிறேன். அவருக்கு அது புரிந்திருக்கிறது. எனக்குத்தான் புரியவில்லை.

"முதல் தடவை நீங்க என்னைத் தொடவே இல்லையே அத்தை," என்றேன். "உங்களுக்கு அப்ப அக்குபிரஷர்னா என்னன்னே தெரியாது. அதுவும்தான் போச்சு."

ஆறுதலாகச் சொன்னேன். அதைப் போய் ஆறுதல் என்று சொல்ல வேண்டிய நிலைமை எங்களுடையது. நான் இரண்டு கட்டையும் அவிழ்த்து மேஜையில் போட்டேன். உள்ளே தோல் வெளுத்துச் சுருங்கியிருந்ததே தவிர, சுட்ட தடம் எதுவும் இல்லை. அத்தை அந்தத் துணியை எடுத்துப் பார்த்தார்.

"கட்டுக்கூட ஒழுங்காப் போடத் தெரியல," என்றார்.

நாளைக்கு ஸ்கேன், நீங்களும் வாங்க என்றேன்.

மூன்று பேரும் போனோம். ஆஸ்பத்திரி லிஃப்டின் கதவு மூடும்போது முனகியது. என் கணவரின் முகம் மாறியது. மாடிக்கு வந்ததும், உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி என்று நர்ஸ் சொன்னார். அம்மா போகட்டும் என்று அவர் உடனே சொன்னார். பெருந்தன்மையா பயமா தெரியாது. கதவு மூடுவதற்குள் திரும்பிப் பார்த்தேன். அவர் போய் லிஃப்டின் பொத்தானை அழுத்திவிட்டு, அதன் கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார்.

உள்ளே இருட்டாக இருந்தது. டாக்டர் என் வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை நகர்த்தினார், திரையைப் பார்த்தார், மறுபடி நகர்த்தினார், ஒன்றும் பேசவில்லை. போன தடவையும் இப்படித்தான் பேசாமல் இருந்தார்கள். அத்தை பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார், யாரோ அதட்டி நிற்கவைத்தது மாதிரி.

டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தினார். சத்தம் வந்தது. கடைசிச் சுற்றில் தண்ணீரைப் பிழிந்துகொண்டு ஓடுகிற மெஷின் மாதிரி, திணறாமல், வேகமாக ஓடியது. எத்தனையோ பேர் போனை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து எனக்குச் சத்தம் கேட்க வைத்திருக்கிறார்கள். இதில் புகார் எழுத ஒன்றுமில்லை. நான் அழுதேன்.

கையை நீட்டினேன். கட்டில்லாத கை. அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். என் நான்கு விரல்களையும் தன் நான்கு விரல்களால் சேர்த்து இறுக்கமாகப் பிடித்திருந்தார். அந்தச் சத்தம் ஓடிய நேரம் முழுக்க, அவருடைய கட்டைவிரல் மட்டும் என் மேல் பட்டுவிடாமல் தனியாக விலகி நின்றது.