எங்க வைக்கட்டும், அண்ணி?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணவன் இன்பராஜ் போன் செய்தபோது கெசியா மொட்டை மாடியில் திரைச்சீலைகளை உலர்த்திக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை அவன் வந்து சேர்வதற்குள் அவற்றையாவது மாட்டிவிட நினைத்திருந்தாள். வேறு எதையும் அவள் பிரிக்கவில்லை. ஆம்பூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம் ஆகியும், ஹால் முழுக்க அட்டைப்பெட்டிகள் போட்டது போட்டபடி கிடந்தன. காஸ் அடுப்பும் ஃபிரிட்ஜும் மட்டும் வேலை செய்தன. அவள் பாய் விரித்துத்தான் படுத்தாள். பீரோ எங்கே நிற்க வேண்டும், கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்பதையெல்லாம் அவனும் கூட நின்று சொல்லட்டும் என்று விட்டுவைத்திருந்தாள். வீட்டைப் போனில் காட்டச் சொல்லி அவன் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தான். "நேர்ல வந்து பாருங்க" என்று ஒரே பிடியாக மறுத்துவிட்டாள்.

"கெசி, ஃபிளைட் ஏறல" என்றான் இன்பராஜ்.

அவள் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆய்டுச்சு. பையர் ஆளு நாளைக்கு வர்றான். ஃபினிஷிங்ல நான் நின்னே ஆகணுமாம். லீவ கேன்சல் பண்ணிட்டாங்க."

"சரி."

"கோவமா?"

"இல்ல. மழை வர்ற மாதிரி இருக்கு. துணிய எடுக்கணும்."

வானம் பளிச்சென்று இருந்தது. போனை வைத்துவிட்டு வெகுநேரம் தண்ணீர்த் தொட்டியின் மேல் சாய்ந்து நின்றாள். ரயில்வே கேட்டுக்கு அப்பாலிருந்து தோல் வாடை காற்றோடு வந்தது. இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டவள், இப்போது அதைக் கவனிக்கக்கூட இல்லை.

இன்பராஜ் எத்தியோப்பியாவில், அடிஸ் அபாபாவுக்குப் பக்கத்து ஊரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் டெக்னீஷியன். ஆம்பூரிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் அப்படிப் போனவர்கள் நிறையப் பேர். கல்யாணமாகி ஐந்தாறு மாதத்தில் கிளம்பியவன், நடுவில் ஒரே ஒரு தடவைதான் வந்து போயிருந்தான். வரும் கோடையில் ஒப்பந்தம் முடிந்துவிடும், ஊரோடு வந்து ஆம்பூரிலேயே ஒரு கம்பெனியில் சேர்ந்துவிடுவான் என்பது பேச்சு. அதனால்தான் வேலூரில் தான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே இருந்த ஹாஸ்டல் அறையை விட்டுவிட்டு, தினமும் ரயிலில் போய்வரத் துணிந்து கெசியா இந்த வீட்டைப் பிடித்தாள். இந்த லீவு இடையில் கிடைத்த போனஸ். அதுவும் மனைவியைப் பார்க்கவா, பந்தாட்டம் ஆடவா என்று ஹாஸ்டல் தோழிகள் கேலி செய்யும்படி, போட்டி நடக்கும் வாரமாகப் பார்த்துத்தான் கேட்டிருந்தான்.

சனிக்கிழமை காலையில் கறிக்கடை பாய் ஞாபகமாக ஆள் அனுப்பினார். முன்கூட்டியே சொல்லிவைத்த தொடைக்கறி. வேண்டாம் என்று சொல்ல மனசு வராமல் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தாள். அடுத்த கொஞ்ச நேரத்தில் வாசலில் பைக் சத்தம். 'பாலாறு பிரதர்ஸ்' கால்பந்து அணியின் கேப்டன் ஹம்மாத், பதினொன்றாம் நம்பர் ஜெர்சியை இஸ்திரி போட்டு மடித்து எடுத்து வந்திருந்தான்.

"அண்ணன் எழுந்துட்டாரா, அண்ணி?"

"அவர் வரல, ஹம்மாத். லீவு கிடைக்கல."

ஹம்மாத் ஹெல்மெட்டைக் கழற்றாமலே படியில் உட்கார்ந்துவிட்டான். "செமி ஃபைனல் அண்ணி. திருப்பத்தூர் டீம். லெஃப்ட் விங்குக்கு வேற ஆளே வச்சிக்கல."

அவனைத் தேற்ற வேண்டியிருந்தது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. தேநீர் போட்டுக் கொடுத்தாள். மத்தியானம் ஆட்டத்துக்கு வருவதாகவும் சொல்லிவிட்டாள். பெட்டிகளுக்கு நடுவே நாள் முழுக்க உட்கார்ந்திருக்க அவளால் முடியாது.

மைதானத்தில் அவள் வழக்கமாக நிற்கும் இடம் இடது பக்கக் கார்னர் கொடி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான் நிற்பாள். அவர்கள் முதலில் சந்தித்துக்கொண்டது எலும்பு முறிவு வார்டில். காறை எலும்பு உடைந்து வந்திருந்த இன்பராஜ் வலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சிஸ்டர், நம்ம டீம் ஜெயிச்சதான்னு ஒரு போன் போட்டுக் கேட்டுச் சொல்றீங்களா?" என்றுதான் கேட்டான். அவள் கேட்டுச் சொன்னாள். தோற்றிருந்தார்கள். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஆண் பிள்ளை பந்துக்காக அழுவதை அவள் அதுவரை பார்த்ததில்லை.

இன்று அந்த இடது ஓரத்தில் செந்தில்குமார் ஓடினான். அணியிலேயே மூத்தவன், ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். வயிறு ஜெர்சியை முட்டிக்கொண்டு நின்றது. மூச்சு வாங்க வாங்க ஓடினாலும் பந்து அவனுக்கு முன்னால் கோட்டைத் தாண்டிவிடும். ஒவ்வொரு தடவை பந்து அந்தப் பக்கம் வரும்போதும் கெசியாவின் கண் அதற்கு இரண்டு எட்டு முன்னாலேயே போய் நின்றது. இன்பராஜ் இருந்திருந்தால் அங்கே இருந்திருப்பான். அந்த வெறும் இடத்தையே பார்த்துப் பார்த்து ஆட்டத்தின் பாதியை அவள் விட்டுவிட்டாள்.

ஆளுக்கொரு கோல் போட்டு ஆட்டம் முடியப்போகும் நேரம். ஹம்மாத் தூக்கிக் கொடுத்த பந்து செந்தில்குமாரின் காலடியில் வந்து விழுந்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். செந்தில்குமார் கண்ணை மூடிக்கொண்டு உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து, மதிலைத் தாண்டி, ரோட்டில் போன ஒரு ஷேர் ஆட்டோவின் கூரையில் விழுந்தது. கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் திருப்பத்தூர்க்காரர்கள் அடுத்த பந்தில் விறுவிறுவென்று வந்து கோலடித்துவிட்டார்கள். விசில் ஊதிவிட்டது.

செந்தில்குமார் புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டான். யாரும் அவனைத் திட்டவில்லை. எழுப்பவும் இல்லை. கெசியா தண்ணீர்ப் பாட்டிலோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாயில் வந்தது இதுதான்:

"நாளைக்கு மதியம் எல்லாரும் வீட்டுக்கு வாங்க. கறி வாங்கி வச்சிருக்கேன். பிரியாணி போடறேன்."

"தோத்துப் போனதுக்கா சிஸ்டர்?" என்றான் செந்தில்குமார், தலையைத் தூக்காமல்.

"பசிக்கு."

ஹம்மாத் சாக்ஸை உருவிக்கொண்டே பெருமூச்சு விட்டான். "இனிமே லெஃப்ட் விங்குக்கு ஒரு பையனத் தேடி ரெடி பண்ணணும். அண்ணன நம்பி இருக்க முடியாது. இன்னும் ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன் போட்டுட்டாரு, அதுவரைக்கும் நாம…"

அவன் பேச்சை நிறுத்தினான். கெசியாவின் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"உங்களுக்குத் தெரியாதா, அண்ணி?"

"தெரியும், தெரியும்" என்று சொல்லி, பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே எழுந்தாள்.

வீட்டுக்கு வந்தவள் அவனுக்குப் போன் செய்யவில்லை. அவன் செய்தபோது எடுக்கவும் இல்லை. விளக்கைப் போடாமல் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருஷம் என்பதைவிட, அது ஹம்மாதுக்குத் தெரிந்திருந்ததுதான் குத்தியது. பந்தாட்டக்காரர்களுக்கு ஆள் தேட அவகாசம் கொடுத்திருக்கிறான்.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்து, வழியில் இன்னும் இரண்டு கிலோ கறி வாங்கிக்கொண்டு திரும்பியதும் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். கூப்பிட்டது கூப்பிட்டாகிவிட்டது. கீழ் வீட்டு ரஃபத் ஜஹான், வீட்டுச் சொந்தக்காரி, பிரியாணி வேகும் ஒரு பெரிய தேக்சாவைக் கொடுத்து, மொட்டை மாடியில் மூன்று கல்லை வைத்து விறகும் மூட்டித் தந்தாள். "காஸ்ல போட்டா தம் சரியா நிக்காது. இங்க போடு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். கெசியா ஊறவைத்த காய்ந்த மிளகாயை அரைத்தாள். வெங்காயம் பொன்னிறமாகும்வரை வதக்கி, இஞ்சி பூண்டு விழுது போட்டு, கறியைக் கொட்டி, தயிரும் மிளகாய் விழுதும் சேர்த்துக் கிளறினாள். பக்கத்துப் பாத்திரத்தில் சீரகச் சம்பா பாதி வெந்துகொண்டிருந்தது. அப்போது போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டுத் தொட்டியின் மேல் வைத்தாள்.

"ஹம்மாத் சொன்னான்" என்றான் இன்பராஜ்.

"என்கிட்டயும் ஹம்மாத்துதான் சொன்னான்."



"நேர்ல வந்து சொல்லணும்னு இருந்தேன், கெசி. போன்ல சொன்னா நீ 'சரி'ன்னு சொல்லி வச்சிடுவ. அது எனக்குத் தாங்காது. ஊர்ல மூணு எடத்துல கேட்டுப் பாத்தேன். ஆர்டர் கம்மி, ஆளக் கொறைக்கறோம்னு சொல்றாங்க. வந்து சும்மா உக்காந்தா உன் மூஞ்ச எப்படிப் பாக்கறது?"

"இப்ப மட்டும் பாக்கறீங்களா?"

கெசியா கரண்டியால் கறியைப் புரட்டினாள். புகை கண்ணில் ஏறியது.

"வேலை இல்லாம வந்திருந்தாலும் நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். என்கிட்ட கேட்டிருக்கலாம். நான் அங்க ஆஸ்பத்திரி எதிர்லயே இருந்தேன். இந்த ஊருக்கு எதுக்கு வந்தேன்?"

"தப்புதான்."

"பெட்டிகூட பிரிக்காம ஒக்காந்திருக்கேன், இன்பா." பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவளுக்கே புதிதாக இருந்தது.

"வீட்டக் கொஞ்சம் காட்டேன்" என்றான் மெதுவாக.

"காட்டறதுக்கு இன்னா இருக்கு? அட்டைப்பெட்டிதான் இருக்கு. அரிசி குழைஞ்சிடும், வைக்கறேன்."

அரிசி குழையவில்லை. சரியான பதத்தில் வடித்து, கறியோடு புரட்டி மூடி, மேலே தணலை அள்ளிப் போட்டாள். அதன்பிறகுதான் சுவரோரமாக உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மதியம் பதினோரு பேரும் வந்துவிட்டார்கள். உட்கார இடமில்லாமல் பெட்டிகளின் மேலேயே இலையை விரித்துச் சாப்பிட்டார்கள். கத்திரிக்காய்க் குழம்பும் தயிர் வெங்காயமும் தீர்ந்துபோய், பிரியாணியின் அடி சுரண்டும் சத்தம் கேட்கத் தொடங்கியபோதுதான் யாரோ முதல் தடவையாகச் சிரித்தார்கள். ஆட்டோ டிரைவர் பந்தைத் திருப்பிக் கொடுக்க மாட்டேன் என்று ஒரே பேஜார் பண்ணினாராம். அதைச் செந்தில்குமாரே நடித்துக் காட்டினான்.

கை கழுவிவிட்டு வந்த செந்தில்குமார் ஹாலைச் சுற்றிப் பார்த்தான். "இன்னா சிஸ்டர் இது, குடோன் மாதிரி வச்சிருக்கீங்க? இவ்ளோ பேர் இருக்கோம். சொல்லுங்க, அடுக்கிட்டுப் போறோம்."

அவள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நாலு பேர் பீரோவைத் தூக்கிவிட்டார்கள்.

"எங்க வைக்கட்டும், அண்ணி?"

கெசியா திகைத்து நின்றாள். பாரத்தோடு அவர்கள் காத்திருந்தார்கள். பழக்கத்தில் அவள் பார்வை பக்கத்தில் திரும்பியது. அங்கே யாரும் இல்லை.

"அந்த மூலையில" என்றாள்.

அதற்குப் பிறகு கேள்விகள் நிற்கவே இல்லை. கண்ணாடியை எங்கே சாய்ப்பது? ஷெல்ஃப் இங்கேயா, இன்னும் கொஞ்சம் தள்ளியா? கட்டில் தலைமாடு எந்தப் பக்கம்? ஒவ்வொன்றுக்கும் அவள் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு பதிலிலும் அவன் இல்லாத இரண்டு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக நிஜமாகிக்கொண்டு வந்தது. கட்டிலை ஜன்னலை ஒட்டிப் போடச் சொன்னாள். ஒரு பெட்டியைப் பிரித்த ஹம்மாத் அதை அப்படியே அவளிடம் நீட்டினான். உள்ளே இன்பராஜின் சட்டைகளும் பந்தாட்ட பூட்ஸும் இருந்தன. கெசியா அதைத் தானே வாங்கி, பீரோவின் கீழ்த்தட்டைத் துடைத்துச் சட்டைகளை அடுக்கினாள். பூட்ஸை ஹம்மாத் கையில் கொடுத்தாள்.

"யாரு அந்த எடத்துல ஆடறானோ அவனுக்குக் குடு. சும்மா கெடந்தா தோல் வெடிச்சிடும்."

அவர்கள் போனபோது வெயில் தணிந்திருந்தது. வீடு வீடாகிவிட்டது. கெசியா தானாகவே அவனை வீடியோவில் கூப்பிட்டாள். போனைத் தூக்கிப் பிடித்து ஹால், சமையலறை, படுக்கையறை என்று நடந்தாள். அவன் இமைக்காமல் பார்த்தான்.

"கட்டில ஜன்னல் பக்கம் போட்டுட்ட. வெளிச்சம் பட்டா எனக்குத் தூக்கம் வராதே."

"எனக்கு வரும்."

அவன் சிரிக்க முயன்றான். உதடு கோணிக்கொண்டது. போனை மேசையில் கவிழ்த்துவிட்டான் போலும், திரை இருண்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அன்று வார்டில் அழுத அதே பையன். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அன்று இருந்தான். கெசியா போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். அவன் மூச்சு சீராகும்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"கிறிஸ்மஸுக்கு லீவு கேட்டிருக்கேன்" என்றான் கடைசியில்.

"கிடைச்சா சொல்லுங்க. கிடைக்கலைன்னாலும் என்கிட்டதான் மொதல்ல சொல்லணும்."

"சொல்றேன்."

தேக்சாவை எடுத்துப்போக ரஃபத் ஜஹான் மேலே வந்தாள். வாசலிலேயே நின்று வீட்டை ஒரு சுற்று பார்த்தாள். "அடேயப்பா" என்றாள். பிறகு கெசியாவின் சிவந்த கண்ணைக் கவனித்தாள். "உன் வீட்டுக்காரர் எப்ப வர்றாராம்?"

"ரெண்டு வருஷம் ஆகும்க்கா." வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. "நடுவுல லீவு கிடைச்சா வருவாரு."

ரஃபத் ஜஹான் தேக்சாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "அப்ப வேலூருக்கே திரும்பிப் போய்டுவியா? வீட்டக் காலி பண்றதுன்னா முன்னாடியே சொல்லிடு, கண்ணு."

கெசியா ஜன்னல் பக்கம் பார்த்தாள். துவைத்த திரைச்சீலைகள் கட்டிலின் மேல் மடிப்புக் கலையாமல் இருந்தன. கம்பிதான் இன்னும் மாட்டவில்லை.

"இல்லக்கா" என்றாள். "இங்கதான் இருப்பேன். உங்ககிட்ட சுத்தியல் இருந்தா குடுங்களேன்."