கொசுவுக்குப் பதினொரு செடி

நர்ஸ் தன் குழந்தையின் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினாள். யாரோ சிவப்புப் பேனாவால் புள்ளி வைத்து விளையாடிய மாதிரி இருந்தது.

"அக்கா, உங்களைக் குறை சொல்லல. ஆனா எங்க வார்டுல இப்பவே ஆறு பிள்ளைங்க கொசுக் காய்ச்சல்ல கிடக்குது. திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வேற இடம்தான்."

வீட்டுப் பின்முற்றத்தில் அம்மா ஐந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். வேலைக்குப் போகிற பெண்கள் காலையில் விட்டுவிட்டுப் போவார்கள், சாயங்காலம் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். நர்ஸ் போனால் மற்ற நாலு பேரும் பின்னாலேயே கிளம்பிவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்காரியே நம்பாத இடத்தை வேறு யார் நம்புவார்கள்? அம்மா பழையபடி நாலு மாடிக் கட்டடத்தில் படி துடைக்கப் போக வேண்டியதுதான். அவள் முட்டி இரண்டும் தேய்ந்ததே அந்தப் படிகளில்தான்.

"நான் பார்த்துக்கிறேன், சிஸ்டர்," என்றாள் மகள். "கொசுவை விரட்டுற செடியெல்லாம் இருக்கு."

அவள் தாவரவியல் படித்தவள். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அதனால் அவள் பெயரே மறைந்து, வீட்டில் பட்டதாரி ஆகிவிட்டாள். அடுப்பு எரியவில்லையா, பட்டதாரியைக் கூப்பிடு. சித்தப்பாவுக்கு மூச்சு வாங்குகிறதா, பட்டதாரியைக் கேள். ஒன்றரை வருஷமாக எந்த ஆபீசும்தான் அவளை ஒன்றும் கேட்கவில்லை. வேலைக்குக் கூப்பிட்ட ஒரே ஆளும் டீ போடத் தெரியுமா என்று கேட்டான். அவனிடம் அவள் சொன்ன பதிலை எழுதினால் அச்சில் ஏறாது.

செடிக்கடையில் ஒரு வரிசை முழுக்க 'கொசு விரட்டி' என்று அட்டை தொங்கியது.

"போன மாசம் இதே வரிசையில மனநிம்மதின்னு எழுதி வச்சிருந்தீங்களே."

"மனநிம்மதி இருந்தா கொசு கடிக்கிறதே தெரியாதும்மா," என்றார் கடைக்காரர்.

"இது சும்மா தொட்டியில நின்னாலே விரட்டுமா? இல்ல இலையைக் கசக்கிப் பூசணுமா?"

"என்னைக் கேட்டா? நீங்கதான் படிச்ச பொண்ணுன்னு உங்கப்பா தெருவெல்லாம் சொல்லிட்டு இருக்கார்."

அதற்குமேல் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. இலைக்குள் எண்ணெய் இருக்கிறது என்று புத்தகத்தில் படித்திருந்தாள். அந்த எண்ணெய் தானாக வெளியே வந்து கொசுவை அடிக்குமா என்று பரீட்சையில் யாரும் கேட்டதில்லை. நொச்சி மூன்று, எலுமிச்சைப்புல் நாலு, துளசி இரண்டு, செண்டுமல்லி இரண்டு என்று ஆட்டோவில் ஏற்றினாள்.

அப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர். ஊரார் வீட்டுக் குளியலறைகளில் மிஞ்சிய துண்டுகளைக் கொண்டுவந்து ஒட்டிய முற்றம் அது. ஒரு டைல் மாதிரி இன்னொன்று இருக்காது. மூலையில் டைல் ஊறப்போடும் நீல டிரம். நனைக்காமல் ஒட்டினால் சிமென்ட்டில் இருக்கிற ஈரத்தை டைல் குடித்துவிடும், பிறகு கழன்று யார் மண்டையிலாவது விழும் என்பார். தண்ணீர் குறைந்தால் மேலே ஊற்றுவாரே தவிர, அதைக் கொட்டி யாரும் பார்த்ததில்லை.

தொட்டிகளை அடுக்கும்போது அவர் கேட்டார்: "பட்டதாரி, இந்த டிரம்மை அப்புறப்படுத்தணுமா?"

"அது பாட்டுக்கு இருக்கட்டும்ப்பா. உயரமான செடியை முன்னால வச்சு மறைச்சிடலாம். இந்த வாசனைக்குக் கொசு அந்தப் பக்கமே வராது."

அப்பா தலையாட்டினார். அவ்வளவு சீக்கிரம் அவர் வேறு யாருக்கும் தலையாட்டுகிறவர் இல்லை.

திங்கட்கிழமை காலை நர்ஸ் யூனிஃபார்மோடு, குழந்தையை இடுப்பில் வைத்தபடியே வந்து நின்றாள். பேச ஆரம்பிக்கும் முன்பே கன்னத்தில் ஒன்று, கழுத்தில் ஒன்று என்று தன்னைத்தானே அறைந்துகொண்டாள். கொசு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்துப் போனவள், எலுமிச்சைப்புல்லை ஒரு கையால் விலக்கினாள்.

"இங்க வாங்கக்கா."

டிரம்முக்குள் தண்ணீர் துடித்தது. அரைவிரல் அகலத்துக்கு ஆயிரம் புழு, தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன.

"செடி வேற வச்சு நிழல் கட்டிக் கொடுத்திருக்கீங்க. நல்ல வசதிதான்," என்றாள் நர்ஸ்.

அம்மா அப்பா பக்கம் திரும்பினாள். "உன் டிரம்தான்யா என் பிழைப்புல மண்ணைப் போடுது. உள்ள எட்டிப் பார்க்கக்கூடவா கண்ணு இல்ல?"

அப்பா கையிலிருந்த அளவுகோலை மடக்கினார், விரித்தார். இருக்கட்டும் என்றது யார் என்று அவர் சொல்லமாட்டார். விட்டால் அந்தப் பழியைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார், தெருவில் யாராவது கேட்டால் என் பொண்ணு பட்டதாரி என்றும் சொல்வார். மகளுக்கு எரிந்தது. அவர்மேல் எரிந்ததா, தன்மேலா, ஒரு இலையைக்கூடக் கசக்கிக் காட்டாமல் மூன்று வருஷம் இலையின் குறுக்குவெட்டை வரைய வைத்த கல்லூரிமேலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"அவரைத் திட்டாதம்மா. எடுக்கணுமான்னு அவர் கேட்டார். இருக்கட்டும்னு சொன்னது நான். எனக்குத் தெரியல, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

"இதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?"

"இதுக்கு வைக்கலம்மா. வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

பாவாடையை முட்டிக்குமேல் சொருகிக்கொண்டு டிரம்மைப் பிடித்துத் தள்ளினாள். அசையவில்லை. அப்பா மறுபக்கம் வந்து தோளைக் கொடுத்தார். டிரம் சாய்ந்து, பச்சைத் தண்ணீரும் பத்துப் பன்னிரண்டு டைலும் முற்றம் முழுக்கப் பரவின. வெயில் பட்ட தரையில் புழுக்கள் துள்ளின.

"உள்பக்கம் தேய்ச்சுக் கழுவணும். முட்டை ஒட்டிக்கிட்டு இருக்கும்," என்றாள் நர்ஸ். "பறக்கிறது இன்னும் ஒரு வாரம் பத்து நாள் பறக்கும்."

"அதுவரைக்கும் பிள்ளைங்களை உள் அறையில வச்சுக்கிறேன், சிஸ்டர். ஜன்னலுக்கு வலை கட்டிடுறோம்," என்றாள் அம்மா. அவள் குரல் இவ்வளவு சின்னதாக மகள் கேட்டதே இல்லை.

அப்பா ஒரு டைலைத் துடைத்தபடி, "இனி இதை எதுல ஊறவைக்கிறது?" என்றார்.

"இதுலயேதான்," என்றாள் மகள். "காலையில ஊத்து, சாயங்காலம் கொட்டு. நீ கொட்டலன்னா நான் கொட்டுவேன், டைலோட சேர்த்து."

"நீ வேலை கிடைச்சுப் போயிட்டா?"

"லீவு போட்டு வந்து கொட்டுவேன்."

நர்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். டிரம்மைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து முழுக்கால் பேன்ட் ஒன்றை எடுத்துக் குழந்தைக்கு மாட்டிவிட்டு, பிள்ளையை அம்மாவின் இடுப்புக்கு மாற்றினாள்.

"இந்த ஒரு வாரம்தான்க்கா."

"போங்க சிஸ்டர், உங்க பஸ் போயிடும்," என்றாள் அம்மா, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தபடி.